பட்டறையில் பழகிய கை: காவிரிக் கரை நகைத்தொழிலின் வரலாறு

இறைத்தூதராகவும் அரசராகவும் விளங்கிய தாவூத் (அலை) அவர்கள் ஒரு கைவினைஞராகவும் இருந்தார்கள். இரும்பை அவர்களுக்கு இளகச் செய்ததாக அருள்மறை கூறுகிறது. அதனையடுத்து அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை சிந்தனைக்குரியது. போர்க்கவசம் செய்யுமாறு பணித்ததோடு, அதன் வளையங்களை அளவோடு இணைக்குமாறும் இறைவன் பணித்தான் (34:10, 11). உலோகம் இளகிய பின்னரும் அளவு என்ற ஒன்றைக் கையால் அமைக்க வேண்டியிருந்தது. அவ்வாறு உழைத்துப் பெற்றதையே தாவூத் (அலை) அவர்கள் உண்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

கவசத்தின் வளையமும், நம் வீட்டுப் பெண்மக்கள் அணியும் கருகமணிச் சங்கிலியின் வளையமும் ஒரே நெறியில் உருவாகின்றன. கம்பியை வளைத்து, முனைகளைச் சேர்த்து, அடுத்த வளையத்தை அதனுள் கோத்துச் செல்ல வேண்டும். நூறு வளையங்களில் ஒன்று பெரிதானால் சங்கிலி கோணுகிறது. ஒன்றின் பற்று தளர்ந்தால் முழுச் சங்கிலியும் அறுந்து விழுகிறது. அப்படியானால் அந்த அளவு மனிதனின் கைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது? அதற்கு ஆயிரம் ஆண்டுக்கால விடையைத் தன்னிடம் வைத்திருக்கும் நிலம் தஞ்சையும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையும் ஆகும்.

கல்லில் பதிந்த எடை

சோழ மன்னன் முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயில், சமயத்தால் நமக்கு வேறானதாயினும், வரலாற்றால் இம்மண்ணின் மக்கள் அனைவருக்கும் ஆவணக் களஞ்சியமாக நிற்கிறது. தன் 26ஆம் ஆட்சியாண்டில், தானும் தன் தமக்கை குந்தவையும் தன் தேவியரும் பிறரும் அளித்த கொடைகள் யாவற்றையும் கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிட்டான். ஏறத்தாழ 1010ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் நகைகளின் பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது.

அந்தப் பட்டியலில் ஆடம்பரப் புகழ்ச்சியைக் காண்பது அரிது. எடையும் எண்ணிக்கையுமே அதில் நிறைந்துள்ளன. பொன்னை நிறுப்பதற்கு 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய எடைக்கல்லும், மணி பதித்த அணிகளை நிறுப்பதற்குத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் எடைக்கல்லும் தனித்தனியே இருந்தன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. செந்நிறத்தில் கரும்புள்ளியுடன் விளங்கும் குன்றிமணியின் எடை ஒரு கிராமில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய அளவு வரை ஒவ்வோர் அணியின் எடையும் பதியப்பட்டது. முத்துகளில் வட்டமானவை எவை, குறுமுத்து எவை, கரடானவை எவை, இரட்டையாக ஒட்டியவை எவை, சிவந்த நீர் உடையவை எவை என்றெல்லாம் பிரித்து எழுதினர். அணிக்குள் அரக்கு இடப்பட்டிருந்தால், அந்த அரக்கையும் சேர்த்தே எடை சொல்லப்படுகிறது என்பதையும் மறைக்காமல் பொறித்தனர்.

இக்குறிப்பைப் படிக்கும்போது ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. கைபர் போரின் நாளில் ஃபழாலா இப்னு உபைத் (ரலி) அவர்கள் பொன்னும் மணிகளும் கலந்த ஒரு கழுத்தணியைப் பன்னிரண்டு தீனாருக்கு வாங்கினார்கள். பின்னர் அதனைப் பிரித்துப் பார்த்தபோது, அதிலிருந்த பொன் மட்டுமே பன்னிரண்டு தீனாருக்கு மேல் இருந்தது. செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், பொன்னைத் தனியே பிரிக்காமல் அத்தகைய அணியை விற்கலாகாது என்று தெளிவுபடுத்தினார்கள். முஸ்லிம் நூலில் இச்செய்தி உள்ளது. பொன் எவ்வளவு, மணி எவ்வளவு, அரக்கு எவ்வளவு என்று பிரித்து அறியும் நேர்மை, நகைத்தொழிலின் புறத்தே ஒட்டவைத்த ஒழுக்கமன்று. அது தொழிலின் உள்ளேயே அமைந்தது. குன்றியளவு பொன் குறைந்தாலும் தராசு காட்டிக்கொடுக்கும் இடத்தில், கை ஏனோதானோ என்று பழக முடியாது.

அப்பட்டியலில் நம் உள்ளத்தைத் தொடும் மற்றொரு சொல்லும் உண்டு. 'சோனகச்சிடுக்கின்கூடு' என்று ஓர் அணியின் பெயர் வருகிறது. சோனகர் என்பது அரபு நாட்டவரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொல். நாகப்பட்டினம் போன்ற துறைகளின் வழியே பொருள்கள் மட்டும் வந்து இறங்கவில்லை. அழகைப் பற்றிய எண்ணங்களும் வந்து இறங்கின என்பதற்கு அப்பெயர் ஒரு சிறு சான்றாகும்.

நெல்லும் தகுதியும்

அந்நாளில் கைவினைஞர்க்கு ஊதியம் எவ்வாறு வழங்கப்பட்டது? நெற்களஞ்சியமான நாட்டில் ஊதியமும் நெல்லாகவே இருந்தது. இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டை ஒட்டிய கல்வெட்டொன்று, கோயிலில் பணிபுரிந்தோர்க்கு உரிய பங்குகளை வகுத்துச் சொல்கிறது. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவு. ஆண்டுக்கு நூறு கலம் நெல். அப்பட்டியலில் கன்னாரும் தச்சரும் தையற்காரரும் உளர். மணிகளைக் கோத்துப் பொருத்தும் 'இரத்தினத்தையான்' என்பவரும் உளர்.

அதே ஆவணத்தில் உள்ள ஒரு விதி, மரபுத்தொழில் பற்றி நாம் கொண்டுள்ள பொதுவான எண்ணத்தைச் சற்று அசைக்கிறது. பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ வேறு ஊருக்குப் பெயர்ந்தாலோ, அவருக்கு அணுக்கமான உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும். ஆனால் அந்த உறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும். பிறப்பு வாசல்வரை அழைத்துச் சென்றதே தவிர, இருக்கையில் அமர்த்தியது தகுதிதான். தொழிற்குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கும் கை தானாக வந்துவிடாது என்பதை அன்றைய ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர்.

ஒரு சங்கிலி பிறக்கும் விதம்

பத்தர் என்றும் ஆசாரி என்றும் நாம் அழைக்கும் பொற்கொல்லரின் பட்டறையில் அந்தத் தகுதி எவ்வாறு உருவாயிற்று? பள்ளிக்கூடத்தைப் போல அங்கே பாடநூல் இல்லை. பட்டடை, சிறு சுத்தியல், அரம், குறடு, சாமணம், ஊதுகுழல், உரைகல், தராசு ஆகியவையே அங்குள்ள பொருள்கள். தொழில் பழக வந்த சிறுவன் முதலில் தங்கத்தைத் தொடுவதில்லை. தரையைக் கூட்டுவது, நெருப்பைப் பேணுவது, கூட்டிய தூசியைச் சிதறாமல் சேர்த்து வைப்பது என்றுதான் அவன் நாள் தொடங்கும். அந்தத் தூசியில் அரத்தூளாகத் தங்கம் கலந்திருக்கும். ஆகவே கூட்டுவதும் ஒரு பாடமே.

அதன்பின் செம்பிலும் வெள்ளியிலும் கை பழகும். உலோகக் கோலைத் துளையிட்ட எஃகுத் தட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்க வேண்டும். பெரிய துளையில் தொடங்கிப் படிப்படியாகச் சிறிய துளைக்கு வர வேண்டும். இழுக்க இழுக்கக் கம்பி விறைத்துவிடும். அப்போது அதனை நெருப்பில் காய்ச்சி இளக்கிவிட்டு மீண்டும் இழுக்க வேண்டும். எந்த இழுப்புக்குப் பின் காய்ச்ச வேண்டும் என்பதை விரலில் தோன்றும் எதிர்ப்புதான் சொல்லும். பொறுமையிழந்து மேலும் ஒருமுறை இழுத்தால் கம்பி அறுந்துபோகும்.

கம்பி அமைந்தபின் அதனை ஒரு கோலில் சுற்றி, சுருளை வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேர வேண்டும். சேர்ந்த இடத்தில் வெங்காரம் தடவி, பற்றுப்பொடியை வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவர். அந்தப் பொடியும் பொன்தான். எனினும் செம்போ வெள்ளியோ சற்றுக் கூடுதலாகக் கலந்திருப்பதால் நகையின் பொன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். இரண்டு உருகுநிலைகளுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு வேறுபாட்டில்தான் தொழிலாளியின் திறமை குடியிருக்கிறது. சுடர் ஒரு கணம் முன்னதாக விலகினால் பற்றுப் பிடிக்காது. ஒரு கணம் தாமதித்தால் வளையமே உருகி மணியாகத் திரண்டுவிடும். பொடி உருகி ஓடும்போது தோன்றும் பளபளப்பைக் கண்டவுடன் மூச்சு நிற்க வேண்டும். கண்ணும் மூச்சும் விரலும் ஒரே நேரத்தில் இயங்கும் இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க இயலாது. நாள்தோறும் செய்துதான் பெற வேண்டும். உள்நோக்கத்தோடு பேசுவதைப் 'பொடி வைத்துப் பேசுதல்' என்று நாம் சொல்வதும் இப்பட்டறையிலிருந்து பிறந்த வழக்கு என்பர்.

ஒரே வகை வளையத்தை நாளொன்றுக்கு நூறு, இருநூறு என்று செய்வது சலிப்பான வேலையாகத் தோன்றலாம். ஆனால் கையின் திறன் வளர்வது இவ்வாறுதான். முதல் நூறு வளையங்களில் பிழை எங்கு நேர்கிறது என்று தெரியவரும். அடுத்த நூறுகளில் பிழை நேருமுன் கை உணரும். ஆண்டுகள் கடந்தபின், பேசிக்கொண்டே இருந்தாலும் கை தன் அளவைத் தவறவிடாது. செயல்களுள் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, சிறிதாயினும் இடைவிடாமல் செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது வணக்க வழிபாடுகள் குறித்து. எனினும் மனித இயல்பை நன்கறிந்த அந்த அறிவுரையின் உண்மையைப் பட்டறைகளிலும் காண முடிகிறது. வாரத்தில் ஒருநாள் பத்து மணி நேரம் அமர்பவனைவிட, நாள்தோறும் ஒரு மணி நேரம் அமர்பவனின் கை விரைவில் பழகுகிறது.

உமியும் இத்கிர் புல்லும்

நெல்நாட்டுப் பொற்கொல்லனுக்கு வயல் ஊதியம் மட்டும் தரவில்லை; நெருப்பையும் தந்தது. நெல் குத்தியபின் எஞ்சும் உமியை ஓட்டில் இட்டு மூட்டினால், கொழுந்துவிட்டு எரியாமல் நின்று கனலும். சிறிய நகைக்கு வேண்டிய அடக்கமான சூட்டுக்கு அது பொருத்தமாயிற்று. உணவுக்குப் பயன்படாமல் ஒதுக்கப்பட்ட உமி, பொன்னை இளக்கும் கனலாகியது.

மக்காவிலும் மதீனாவிலும் அந்த இடத்தை வகித்தது இத்கிர் என்னும் நறுமணப் புல். மக்கா வெற்றியின்போது புனித எல்லைக்குள் செடிகொடிகளை வெட்டலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள், பொற்கொல்லர்களுக்கும் அடக்கக் குழிகளுக்கும் வேண்டியதாயிற்றே என்று இத்கிர் புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள், விலக்கும் அளிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ஃபாத்திமா (ரலி) அவர்களை மணமுடிக்கவிருந்த அலீ (ரலி) அவர்கள், இத்கிர் புல்லைக் கொண்டுவந்து பொற்கொல்லர்களுக்கு விற்று மணவிருந்துக்குப் பொருள் சேர்க்க எண்ணியிருந்தார்கள். இவ்விரு செய்திகளும் புகாரியில் உள்ளன. புனித எல்லையின் சட்டத்திலும் ஒரு கைத்தொழிலாளியின் அடுப்புக்கு இடம் ஒதுக்கப்பட்டது என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும். உழைப்பவரின் தேவை அற்பமானதாகக் கருதப்படவில்லை.

மூவர் கையில் ஒரு தட்டு

சோழர்க்கும் நாயக்கர்க்கும் பின்னர்த் தஞ்சையை ஆண்ட மராத்தியருள் இரண்டாம் சரபோஜி (1798–1832) கல்விக்கும் கலைக்கும் புகழ்பெற்றவர். இன்று நினைவுப் பரிசாக வழங்கப்படும் தஞ்சாவூர்க் கலைத்தட்டு அவர் காலத்தில் தோன்றியது என்று கூறுவது மரபு. அது நகையன்று, ஆயினும் நகைத்தொழிலாளியின் கையின்றி அது இல்லை.

அத்தட்டு மூவரின் உழைப்பால் உருவாகிறது. பித்தளையிலோ செம்பிலோ அடித்தட்டை ஒருவர் உருவாக்குகிறார். வெள்ளி, செம்புத் தகடுகளை அச்சின்மேல் வைத்து அடித்துப் புடைப்புருவங்களை எடுப்பவர் நகைத்தொழில் அறிந்த பத்தர். அவற்றைத் தட்டில் பதித்து இணைப்பவர் மூன்றாமவர். மெல்லிய தகட்டின் பின்புறக் குழிவில், செங்கல் தூளும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய அரக்கை நிரப்புகின்றனர். அந்த அரக்கு தாங்குவதால்தான் சிறு உளிகளால் நுண்ணிய கோடுகளை இடும்போது தகடு கிழிவதில்லை. இராசராசன் கல்வெட்டில் எடையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அரக்கு, எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அதே ஊரில் உலோகத்துக்கு உட்துணையாக நின்றது. இக்கலைத்தட்டு இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளது. சுவாமிமலையின் வெண்கல வார்ப்பும், காவிரியின் வண்டல் மண்ணை அச்சாகக் கொண்ட அதன் தொழில்முறையும், நாச்சியார்கோயிலின் குத்துவிளக்கும் இதே படுகையின் பிற கைத்திறன்கள்.

கை நின்ற ஆண்டுகள்

நாள்தோறும் செய்வதால் வளரும் திறன், செய்யாமல் நின்றால் என்னவாகும்? அதற்கும் வரலாறு விடை தந்திருக்கிறது.

1962ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. தங்க இறக்குமதியையும் கடத்தலையும் கட்டுப்படுத்த விரும்பிய நடுவண் அரசு, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் காலத்தில், 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வது தடை செய்யப்பட்டது. 22 காரட் தங்கத்தின் மென்மைக்குப் பழகிய கைகளுக்கு 14 காரட் வேறோர் உலோகம் போன்றது. மக்களும் அதனை விரும்பி வாங்கவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர் பெருந்தொகையினர் வேலையிழந்தனர். வறுமை தாளாமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரச் செய்திகளும் அந்நாளில் வெளிவந்தன.

அந்த 14 காரட் வரம்பு 1966இல் நீக்கப்பட்டது. ஆயினும் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1990 வரை நடைமுறையில் இருந்தது. உரிமம், கணக்கேடு, இருப்பு வரம்பு என்று பல கட்டுகளுக்குள் சிறு பட்டறைகள் இயங்க நேர்ந்தது.

மூன்று ஆண்டுகள் என்பது வரலாற்றில் ஒரு நொடி. ஆனால் பன்னிரண்டு வயதில் பட்டடையின் முன் அமர வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று ஆண்டுகளே அடித்தளம். வேலையற்ற தந்தையின் அருகே அமர்ந்து அவன் எதைப் பழகுவான்? அவனை வேறு தொழிலுக்கு அனுப்பிய தந்தையைக் குறை கூறவும் வழியில்லை. தடை நீங்கியபோது தங்கம் திரும்பி வந்தது. பழகாத கைகள் திரும்பி வரவில்லை. அதன்பின் வார்ப்பு நகைகளும் இயந்திரச் சங்கிலிகளும் பெருகின. கோயம்புத்தூர் போன்ற ஊர்களிலிருந்து ஆயத்த நகைகள் கடைகளை நிரப்பின. பல தெருக்களில் பட்டறையின் தட்டோசை ஓய்ந்தது.

நமக்கு முன் நிற்கும் கடமை

இராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் என்று இப்படுகையில் பரவி வாழும் நம் குடும்பங்களின் பெரியவர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பொருளில் ஒரு பகுதி, மகளின் திருமணத்துக்கென்று பொன்னாக மாறியது. அந்தப் பொன்னை நகையாக்க நம்பிக்கைக்குரிய ஆசாரி ஒருவர் குடும்பங்களுக்கு இருந்தார். அவர் வேறு சமயத்தவர். ஆயினும் எத்தனை பவுன் கொடுக்கப்பட்டது என்ற கணக்கு பெரும்பாலும் சொல்லளவிலேயே நின்றது. எடையில் நேர்மையும் வேலையில் பழக்கமும் சேர்ந்த ஒரு கையின்மீது வைத்த நம்பிக்கை அது.

இன்று நாம் கடையில் 'சேதாரம்' என்று கொடுக்கும் தொகையின் பொருள் பலருக்கும் விளங்குவதில்லை. அரத்தூளாகவும் புகையாகவும் வேலையின்போது இழக்கப்படும் பொன்னுக்கான ஈடே சேதாரம், உழைப்புக்குரியது செய்கூலி. 2021 சூன் முதல் கட்டாயமாகத் தொடங்கிய ஹால்மார்க் முறை பொன்னின் மாற்றுக்கு உறுதி தருகிறது. 916 என்ற எண், ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பதைக் குறிக்கும். ஆனால் நகையில் பதித்த கல்லின் எடையைப் பொன்னின் எடையிலிருந்து பிரித்துக் காட்டுமாறு கேட்பது வாங்குவோரின் பொறுப்பு. கைபர் நாளின் கழுத்தணி நமக்குக் கற்றுத்தந்த பாடம் இதுவே.

மற்றொரு பொறுப்பும் உண்டு. நம் ஊரில் இன்னும் பட்டடையின் முன் அமரும் ஒரு தொழிலாளி இருந்தால், ஒரு கம்மலையாவது ஒரு மோதிரத்தையாவது அவரிடம் செய்யக் கொடுக்கலாம். பழுதுபார்க்கும் சிறு வேலையும் அவர் கையை உயிர்ப்போடு வைத்திருக்கும். அப்போது செய்கூலியில் பேரம் பேசிக் குறைக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு அறிவுறுத்திய நபி (ஸல்) அவர்களைப் பின்பற்றும் நமக்கு அது அழகன்று.

கைவேலையில் நாட்டம் கொண்ட பிள்ளைகள் நம் வீடுகளிலும் உள்ளனர். செம்புக் கம்பியும் ஒரு குறடும் கிடைத்தால் மணிக்கணக்கில் வளைத்துக்கொண்டிருக்கும் மகனையோ மகளையோ, படிப்பைக் கெடுக்கும் வேலை என்று கடிந்து விலக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில், செம்பில் பத்து வளையங்கள் செய்யட்டும். முதல் மாதத்தில் எல்லாம் கோணலாகவே வரும். நேற்றைய வளையத்தையும் இன்றைய வளையத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பழக்கினால், எங்கே பிழை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். நகைத்தொழில் அவர்களுக்குப் பிழைப்பாக அமையாமல் போகலாம். அளவறிந்து செய்யும் பழக்கமும், கையால் உழைப்பவரை மதிக்கும் உள்ளமும் அவர்களிடம் தங்கிவிடும்.

வளையங்களை அளவோடு இணைக்குமாறு ஓர் அரசருக்கே கட்டளை வந்தது. அக்கட்டளையை ஏற்று உழைத்த தாவூத் (அலை) அவர்களின் வழியில், உழைப்பில் நேர்த்தியையும் எடையில் நேர்மையையும் நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல இறைவன் அருள்வானாக.